கேடயச் சுரப்பியும் இரத்த அழுத்தமும்

(லப்பைக்குடிக்காட்டில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

யாம் வைத்தியர் அல்லேம். பிள்ளைகளுக்கு இலக்கணமும் இலக்கியமும் பயிற்றும் பள்ளியாசிரியர். ஆயினும், இம்மாதக் கூட்டத்தில் தேக சுகத்தைப் பற்றியே எவரேனும் பேசவேண்டும் எனக் காரியதரிசி அவர்கள் பணித்தமையால், நூல்களிற் படித்தும் வைத்தியர்களைக் கேட்டும் யாம் தெளிந்த ஒரு செய்தியை உங்கள்முன் வைக்கத் துணிந்தோம். இன்னார்க்கு இன்ன மருந்து, இவ்வளவு என்று கூறுவது எம் தொழிலன்று. வைத்தியரிடம் செல்லும்போது எதனைக் கேட்கவேண்டும் என்று சொல்வதே எம் நோக்கமாம்.

நம் ஊர் வீடுகளில் இக்காலத்து இருவகை மாத்திரைகள் மிகுதியும் காணப்படுகின்றன. ஒன்று, பிரஷர் மாத்திரை. அது கூடத்து அலமாரியில், கடிகாரத்திற்குப் பக்கத்தில், வருவோர் போவோர் காணும்படி இருக்கும். 'எனக்கும் பிரஷர்' என்று கூறிக்கொள்வதில் நம்மவர்க்கு யாதொரு கூச்சமும் இல்லை. சிலர்க்கு அஃது ஒரு பெருமையுங்கூட. மற்றொன்று, தைராய்டு மாத்திரை. அதனை நம் பெண்மக்கள் புடைவை மடிப்பினுள்ளும் பெட்டியின் அடியிலும் வைத்து, விடியற்காலையில் எவரும் எழுமுன் விழுங்குகின்றனர். வெளியே வைத்ததற்கும் ஒளித்து வைத்ததற்கும் ஓர் உறவு உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வுறவைப் பற்றியே இன்று பேசப் புகுகின்றோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழாசிரியர் இதனை விடுதல் இயலாது. கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் மூச்சுக்குழலைத் தழுவிக் கிடக்கும் சுரப்பி ஒன்று உண்டு. 1656இல் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில வைத்தியர் இதற்குத் தைராய்டு எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் அச்சொல் கேடயத்தைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்தது. ஆதலின் நம் பாடநூலார் 'கேடயச் சுரப்பி' என்றனர். பொருத்தமான பெயரே. இச்சுரப்பி வீங்கிக் கழுத்துப் புடைத்தலைக் கழலை என்க. இதனைச் சிலர் கண்டமாலை என்று வழங்குவது பிழை. கண்டமாலை என்பது கழுத்தைச் சூழ மாலைபோல் நெறிகட்டிகள் தோன்றும் வேறொரு நோய். பெயரை மயங்கினால் மருந்தும் மயங்குமாகலின் இதனைக் கூறினோம். மேலும், சுரப்பி சோர்ந்தவர் யாவர்க்கும் கழுத்து வீங்கும் என்பதில்லை. 'என் கழுத்து நன்றாகத்தானே இருக்கிறது' என்று கூறி எவரும் இருந்துவிடலாகாது.

இச்சுரப்பி வெளியிடும் நீருக்குத் தைராக்ஸின் என்பது பெயர். உடலின் ஒவ்வோர் அணுவும் எவ்வளவு விரைவாக வேலை செய்யவேண்டும் என்பதை அது வரையறுக்கின்றது. அடுப்பிலே விறகைத் தள்ளுவதும் இழுப்பதும் போன்ற தொழில் அது. விறகு குறைந்தால் யாது நிகழும்? உடல் சோரும், குளிர் பொறாது, மலம் கட்டும், தோல் வறளும், மயிர் உதிரும், உண்ட அளவு மிகாதிருக்கவும் உடல் கனக்கும், முகம் ஊதும், குரல் தடிக்கும், மாதவிலக்கு மிகும், மறதி தோன்றும். இவை அனைத்தும் ஒருங்கே ஒரு நாளில் வருவன அல்ல. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவன. அதனாற்றான், 'வயதாயிற்று', 'பிள்ளை பெற்ற உடம்பு', 'வீட்டிலே உட்கார்ந்து உட்கார்ந்து பெருத்துவிட்டாள்' என்று நன்னிமார் தொடங்கி நாத்திமார் ஈறாக யாவரும் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். நோயாளியும் அத்தீர்ப்பை ஏற்றுக்கொள்கின்றாள்.

இந்நோயை மேனாட்டினரும் நெடுங்காலம் இவ்வாறே அலட்சியம் செய்தனர். 1873ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து வைத்தியராகிய சர் வில்லியம் கல் என்பார், நடுவயதுப் பெண்டிர் சிலர் முகம் தடித்து, நாக் குழறி, மந்தமாய் மாறுவதைக் கண்டு எடுத்துரைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1891இல், நியூகாஸில் நகரத்து ஜார்ஜ் மர்ரே என்னும் இளம் வைத்தியர், ஆட்டின் கேடயச் சுரப்பியைச் சாறாக்கி, இந்நோயால் நைந்த 46 வயதுப் பெண்மணி ஒருத்திக்கு ஊசியாற் செலுத்தினார். அவள் தேறினாள். பின்னர் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் தன் 74ஆம் வயதிற் காலமானாள். அவ்வளவு காலமும் அவளை வாழ்விக்க 870 ஆடுகளுக்கு மேற்பட்டவற்றின் சுரப்பிகள் வேண்டியிருந்தன என்று மர்ரே பிற்காலத்தே கணக்கெழுதி வைத்தார். 1914இல் அமெரிக்க நாட்டுக் கெண்டல் என்பார் தைராக்ஸினைத் தனித்துப் பிரித்தார். 1927இல் அதனை ஆய்கூடத்திலேயே ஆக்கும் முறை வெளியாயிற்று. 870 ஆடுகள் செய்த வேலையை இன்று கடுகினும் சற்றே பெரியதொரு மாத்திரை செய்கின்றது. இதனைத்தான் நம் பெண்கள் ஒளித்து வைத்து விழுங்குகின்றனர்.

இனி இரத்த அழுத்தத்திற்கு வருவோம். 140க்கு 90 என்றவாறு வைத்தியர் இரண்டு எண்களை எழுதுகின்றாரன்றோ? மேலெண், இருதயம் சுருங்கி இரத்தத்தை உந்தும்போது உள்ள அழுத்தம். கீழெண், இருதயம் விரிந்து ஓய்ந்திருக்கும்போது குழாய்களில் எஞ்சி நிற்கும் அழுத்தம். நம்மவர் மேலெண்ணை மட்டும் நினைவிற் கொண்டு, 'நூற்று நாற்பது இருக்கிறது' என்பர்; கீழெண்ணைக் கேட்டால் தெரியாது. கேடயச் சுரப்பி சோர்ந்தவர் கவனிக்கவேண்டியதோ அக்கீழெண்ணைத்தான்.

அதன் காரணம் யாதெனின்: தைராக்ஸின் இரத்தக்குழாய்களின் சுவர்களை இளக்கி விரிக்கும் இயல்புடையது. அது குறையுங்கால் சிறு குழாய்கள் இறுகுகின்றன. வெள்ளாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் மதகுகளைப் பாதி அடைத்தால், மேலே நீர் தேங்கிக் கரையை அழுத்துமன்றோ? அதுபோல, குழாய்கள் இறுக, ஓய்வுநிலை அழுத்தம் உயர்கின்றது. இவ்வெதிர்ப்பு இயல்பான அளவினும் ஒன்றரை மடங்கு வரையில் உயரக்கூடும் என்று நூலார் கூறுவர். இருதயமோ தானும் சோர்ந்து, மெல்ல அடித்துக் குறைந்த இரத்தத்தையே வெளியிடுகின்றது. ஆகவே மேலெண் பெரிதும் உயர்வதில்லை. இரண்டு எண்களும் நெருங்கி நிற்கும். 130க்கு 98 என்பது போன்ற கணக்கு வருமாயின், 'மேலே அதிகம் இல்லை' என்று மகிழ்ந்து எழுந்து வருதல் பேதைமை. இவற்றோடு சிறுநீரகமும் உப்பை வெளியேற்றுவதில் மந்தப்படுகின்றது. இரத்தத்தில் கொழுப்புப் பெருகுகின்றது. குழாய்கள் நாளடைவில் விறைக்கின்றன. ஒரு சுரப்பியின் சோர்வு இருதயத்தின் வாயிலில் வந்து நிற்கும் வழி இதுவாகும்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று, ஆராய்ந்து கண்டனர். ஜப்பான் தேசத்தில் நாட்பட்ட சுரப்பி அழற்சியுடைய 477 பெண்களைப் பரிசோதித்து 1983இல் வெளியிட்டனர். சுரப்பி சோர்ந்தவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர்க்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது; அழற்சி இருந்தும் சுரப்பி சோராதவருள் நூற்றுக்கு 5 அல்லது 6 பேர்க்கே அவ்வாறு இருந்தது. 1988இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீட்டன் என்பாரும் அவர் குழுவினரும் இரத்த அழுத்த நோயாளர் 688 பேரை ஆராய்ந்து, அவருள் நூற்றுக்கு 3.6 பேர்க்குச் சுரப்பிச் சோர்வு இருக்கக் கண்டனர். அவர்க்குத் தைராக்ஸின் கொடுத்தபோது, மூன்றிலொரு பங்கினர்க்குக் கீழெண் 90க்குக் கீழே இறங்கியது.

இவ்விடத்தில் நிதானம் வேண்டும். பிரஷர் உள்ளார் அனைவர்க்கும் தைராய்டே காரணம் என்று யாம் கூறவில்லை. நூற்றுவரில் மூவர் நால்வர்க்கே அஃது உடனிருக்கின்றது. அவருள்ளும் மூன்றிலொரு பங்கினர்க்கே தைராக்ஸினால் அழுத்தம் அடங்குகின்றது. எஞ்சியோர்க்கு வயது, உப்பு, உடற்பருமன், புகை, பரம்பரை ஆகிய பழைய காரணங்களே போதும். நாளைக் காலையில் எவரேனும் 'பண்டிதர் சொன்னார்' என்று பிரஷர் மாத்திரையைத் தூக்கி எறிவாராயின், அப்பழி எம்மைச் சாராது. எனினும், இரத்த அழுத்தத்தின் காரணங்களுள் பெரும்பாலானவை தீர்க்கமாட்டாதவை. தீர்க்கக்கூடிய சிலவற்றுள் இஃதொன்று. கண்டறிதற்கு வேண்டுவது ஒரு குழாய் இரத்தம், டி.எஸ்.எச். என்னும் ஒரு பரிசோதனை. அதனை ஒருமுறையேனும் செய்து பாராமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை மேல் மாத்திரை கூட்டுவது அறிவுடைமை ஆகுமா?

நம் தேசத்தில் இந்நோய் அரிதுமன்று. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர்க்குச் சுரப்பிச் சோர்வு இருந்தது. அவருள் மூன்றிலொரு பங்கினர் அதுகாறும் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர். இரத்த அழுத்தமோ இதனினும் பெரிது. 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில் வயது வந்தோருள் மூவரில் ஒருவர்க்கு அஃது இருந்தது. கட்டுக்குள் வைத்திருந்தவர் நூற்றுக்கு 7 பேரே. 2021 ஆகஸ்டில் தமிழக அரசார் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வீட்டு வாயிலிலேயே பார்த்து மாத்திரையும் அளிக்கச் செய்தனர். நன்மையான காரியம். ஆனால் வாயிலுக்கு வருபவர் கருவியைக் கையிற் கட்டி எண்ணைக் குறிப்பார். உடற்சோர்வையும் மலச்சிக்கலையும் மாதவிலக்கையும் நாமே சொன்னாலன்றி அவர் எங்ஙனம் அறிவார்?

எம் உறவில் அக்கா முறையாகும் பெண்மணி ஒருவர். கணவர் வளைகுடா நாட்டில் இருப்பவர். மூன்றாண்டுகளாகப் பிரஷர் மாத்திரை. முதலில் ஒன்று, பின் இரண்டு. கீழெண் நூறை விட்டு இறங்கவில்லை. அவர் சென்ற மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் உப்பைக் குறைக்கச் சொன்னார்களேயன்றி வேறொன்றும் வினவவில்லை. வீட்டிலும், 'கவலைப்பட்டே பிரஷரை ஏற்றிக்கொள்கிறாள்' என்ற பேச்சுத்தான். வேனிற்காலத்திலும் அவர் போர்வை போர்த்து உறங்குவதை யாவரும் கண்டோம், எவரும் பொருட்படுத்தவில்லை. இறுதியில் குரல் தடித்ததற்காக வேறொரு வைத்தியரை நாடியபோது அவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார்; சுரப்பி முழுதும் ஓய்ந்திருந்தது. தைராக்ஸின் தொடங்கிச் சில மாதங்களில், வைத்தியரே இரண்டு பிரஷர் மாத்திரைகளுள் ஒன்றை நிறுத்தினார். மற்றொன்றை இன்றும் உண்கின்றார். மூன்றாண்டு விறைத்த குழாய்கள் முற்றும் இளகவில்லை போலும்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இதில்தான் நம்மவர் இரு நோய்களையும் குழப்பிக்கொள்கின்றனர். கேடயச் சுரப்பிக்கு அயோடின் வேண்டும். நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கருவுற்றார்க்கு 250. 1956இல் தொடங்கி, இமயத்தின் அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில், ராமலிங்கஸ்வாமி முதலிய அறிஞர் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துக் கழலை குறைவதை நிரூபித்தனர். அதன் பயனாக 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் எழுந்தது. அயோடின் சேராத உப்பை உண்பதற்கென விற்பதை மத்திய அரசார் 1997இல் தடுத்தனர். 2000இல் தடையை நீக்கினர். 2006இல் மீண்டும் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். கடையில் விற்கும் உப்பு ஒரு கிராமில் 15 மைக்ரோகிராம் அயோடினேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி.

இப்பொழுது, இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் அடக்கவேண்டும் என்கின்றனர். அது மெய்யே. சிலர் அதற்கு மாறாக, 'இந்துப்பு பிரஷருக்கு நல்லது' என்று எவரோ சொன்னதைக் கேட்டு, இளஞ்சிவப்பு நிறத்துப் பாறையுப்பை விலை கொடுத்து வாங்கித் தாராளமாக இடுகின்றனர். இந்துப்பும் உப்பே, அழுத்தத்தை ஏற்றும் சோடியம் அதிலும் ஏறத்தாழ அவ்வளவே உண்டு, சுரப்பிக்கு வேண்டிய அயோடினோ பெரும்பாலும் சேர்க்கப்பெறுவதில்லை. இரு பக்கத்தும் நஷ்டம். அயோடின் உப்பையே குறைவாக இடுக. குறைந்த அயோடினைக் கடல்மீனும் பாலும் முட்டையும் ஓரளவு ஈடு செய்யும். 2014இல் தமிழ்நாடு உப்புக் கழகத்தார் சோடியம் குறைந்த உப்பையும் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அவ்வகை உப்பில் பொட்டாசியம் மிகுதியாதலின், சிறுநீரகம் கெட்டவரும் சிலவகைப் பிரஷர் மாத்திரை உண்பவரும் வைத்தியரைக் கேளாமல் அதனைத் தொடலாகாது. மற்றொன்று: இன்று நம்மிடையே காணும் சுரப்பிச் சோர்வுள் பெரும்பகுதி அயோடின் குறைவால் வந்ததன்று. உடலின் காவற்படையே மயங்கிச் சுரப்பியைத் தாக்குவதால் வருவது. 1912இல் ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய வைத்தியர் கண்டெழுதிய நோய் அது. ஆதலின் அயோடின் உப்பை அள்ளி உண்டு இதனைத் தீர்க்கலாம் என்று நினைப்பதும் வீண்.

இனி, மாத்திரையை ஒளித்து வைக்கும் கொடுமை. பெண் பார்க்க வருவோர் 'தைராய்டு உண்டா?' என்று கேட்கின்றனராம். உண்டென்றால் பிள்ளை பெறமாட்டாள் என்று எழுந்து போகின்றனராம். இதற்கு அஞ்சிப் பெற்றோர் மறைக்கின்றனர். நிக்காஹ் முடிந்து கணவன் வீடு புகுந்த பெண், எவரேனும் கண்டுவிடுவர் என்று அஞ்சி மாத்திரையை விட்டுவிடுகின்றாள். சில மாதங்களிற் கருவும் தரிக்கின்றாள். அப்பொழுதுதான் ஆபத்து. சுரப்பி சோர்ந்து மருந்தும் இன்றி இருக்கும் கருப்பிணிக்குக் கருச்சிதைவும், கருக்காலத்து இரத்த அழுத்தமும் நேர்தற்கு ஏது மிகுதி. வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியும் முதல் மாதங்களில் தாயின் தைராக்ஸினையே நம்பியிருக்கின்றது. கருவுற்றவுடன் மாத்திரையின் அளவைக் கூட்டவேண்டியிருக்கும் என்றே வைத்தியர் கூறுவர். நம் பெண்ணோ அப்பொழுது அதனை அடியோடு விட்டிருக்கின்றாள்! முறையாக மருந்துண்ணும் பெண் ஏனைய பெண்களைப் போலவே கருவுற்றுப் பிள்ளை பெறுகின்றாள். அவள் கருவுறாள் என்று கூறுவது பொய். மஹர் எவ்வளவு என்று பத்துப் பேர் நடுவே பேசத் தெரிந்த நம் பெரியோர்க்கு, 'எங்கள் பெண் காலையில் ஒரு மாத்திரை உண்கின்றாள்' என்று சொல்ல நா எழாதா? கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரிலும், தம் வீட்டு அலமாரியிற் பிரஷர் மாத்திரை இல்லாதவர் எத்தனை பேர்?

உண்ணும் முறையையும் கூறி முடிப்போம். தைராக்ஸினை வெறுவயிற்றில், தண்ணீருடன் உண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியும் உணவும் கொள்ளவேண்டும். இரும்பு மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் உண்போர் நான்கு மணி நேரம் தள்ளி உண்க. சேர்த்துண்டால் தைராக்ஸின் உடலிற் சேராது. நோன்பு மாதத்தில் இதனைப் பலர் விட்டுவிடுகின்றனர். விடவேண்டுவதில்லை. ஸஹர் உணவுக்கு அரைமணி முன்னர் எழுந்து உண்ணலாம். அல்லது நோன்பு திறந்து உண்டபின் மூன்று மணி நேரம் கழித்து, தராவீஹ் முடிந்து படுக்கும்போது உண்ணலாம். இரண்டில் எது தகும் என்பதை நோன்புக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்க. அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே இரத்தம் பார்க்கவேண்டும். பத்து நாளிற் பார்த்துப் பதறுவதிற் பயனில்லை. ஒருவர் மாத்திரையை மற்றவர் உண்ணலாகாது. உடல் மெலிய வேண்டி இதனை உண்பார் சிலர் உளர். அளவு மிஞ்சினால் இருதயம் தாறுமாறாக அடித்து, இம்முறை மேலெண் உயரும். முதியோர்க்கும் இருதய நோயுடையார்க்கும் மிகச் சிறிய அளவிலேயே தொடங்குவர். சிறிதே சோர்ந்த சுரப்பிக்கு மருந்து வேண்டுமா என்பதே வைத்தியர் ஆராய்ந்து முடிவு செய்யும் விஷயம்.

வாயிலருகே உள்ள மேசையில் சிறு சீட்டுகள் வைத்திருக்கின்றோம். மேலெண், கீழெண், உண்ணும் மாத்திரைகள், அவற்றை உண்ணும் நேரம், டி.எஸ்.எச். கடைசியாகப் பார்த்த தேதி ஆகிய ஐந்து கட்டங்கள் அதில் உண்டு. கடைசிக் கட்டம் பலர்க்கு வெறுமையாகவே இருக்கும். அதனை அப்படியே வைத்தியரிடம் காட்டுக. தாய்மார்களுக்கான சீட்டுகளைத் திரைக்கு அப்பால் ஆசிரியை ஒருவர் வைத்திருக்கின்றார். எழுதத் தெரியாதவர்க்கு அவரே எழுதித் தருவார்.